இரவல் நாக்கு

நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறிவிட்டால் இத்தாலியின் பலெர்மோவில் விக்னராஜா மீன் மச்சம் தொடமாட்டார். தொடமாட்டார் என்றால் வாயால். கையால் தொடாமல் இருக்க அவருக்கு வசதியில்லை. மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் அவருக்கு வேலை. கொடியேற்றம் தொடக்கம் தீர்த்தம் வரை இருபத்தைந்து நாளும், காலை ஒன்பது மணியிலிருந்து மீனைச் செதிள் உரசி, குடல் எடுத்து, முள் நீக்கி, பொரித்துக் கொடுத்துவிட்டு, பின்கதவடியில் குந்தியிருந்து மனைவி அம்பிகை கட்டித் தந்த சோற்றையும் பருப்பையும் சாப்பிடுவார். முருகன் கையைப் பார்க்கமாட்டான், வாயைத்தான் பார்ப்பான் என்பது அவருடைய துணிவு.

சும்மா பிடித்த விரதமில்லை அது. கடைசிச் சண்டைக்குப் பிறகு முகாமில் அம்பிகை நெருப்புக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். முள்ளுக்கம்பிக்குப் பக்கத்தில் நின்று, நல்லூர் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து அவர் வைத்த நேர்த்தி அது. அம்பிகை கண் திறந்தாள். பதினாறு வருடமாக விக்னராஜா ஒரு நாளும் பிசகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதைத் தலைமைச் சமையல்காரன் நீனோவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தார். நீனோ சிரித்த சிரிப்பில் குசினியே கூடிவிட்டது. மீன் எப்போதிருந்து இறைச்சியாயிற்று, எங்கள் பாதிரியாரே பெரிய வெள்ளிக்கு மீன்தானே சாப்பிடுகிறார் என்று கேட்டான். அவன் கேட்டதிலும் பிழையில்லை, அந்த ஊரில் விரதச் சாப்பாடே மீன்தான். அதற்குப் பிறகு விக்னராஜா அந்தக் கதையை எடுக்கவில்லை. கோப்பை கழுவுகிறவன் மீன் சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்.

கேட்கும் காலம் இந்த வருடம் வந்தது. யூன் மாதம் இரண்டாவது சமையல்காரன் மிலானோவுக்குப் போய்விட்டான். நீனோவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. கடைக்காரி சிஞ்ஞோரா இவானா வேறு வழியில்லாமல் விக்னராஜாவை அடுப்படியில் விட்டாள். ஆறு வருடம் கோப்பை கழுவி, மூன்று வருடம் மீன் வெட்டி, ஒன்பது வருடமாக ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழகிய சமையல். சாளை மீனும் காட்டுப் பெருஞ்சீரகத் தழையும் திராட்சை வற்றலும் உப்பு நெத்தலியும் சேர்த்து அந்த ஊரவர்கள் பஸ்தாவுக்கு வைக்கும் குழம்பை அவர் குறையில்லாமல் வைத்தார். திட்டு இல்லை. அந்தக் கடையில் திட்டு இல்லையென்றால் அதுதான் பாராட்டு.

ஓகஸ்ட் முதல் வாரம் சிஞ்ஞோரா அடுப்படிக்கு வந்து, நின்ற நிலையிலேயே ஒரு கரண்டி குழம்பை எடுத்துச் சாப்பிட்டுக் கண்ணை மூடினாள். தன் தாய் இப்படித்தான் வைப்பாள் என்றாள். செப்டெம்பர் கடைசியில் விக்கியை வருடம் முழுக்க வேலைக்கு எழுதப் போகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அவர் பெயரை அவர்கள் முழுதாகச் சொல்வதில்லை.

அந்தச் சொல் அந்தக் குடும்பத்துக்கு என்ன என்று சொல்லவேண்டும். அவருடைய வேலைப் பத்திரம் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரில் முடிந்துவிடும். அதனால் பெர்மெசோ என்னும் வதிவிட அனுமதியும் ஒரு வருடம், ஒரு வருடமாகத்தான் கிடைக்கும். ஒவ்வொரு நவம்பரும் குவெஸ்தூரா என்னும் பொலிஸ் கந்தோர் வாசலில் விடியற்காலையே போய் நிற்கவேண்டும். இந்த முறை ஏதும் பேப்பர் குறைந்தால் மகள் அபிதாவின் படிப்பு என்னாகும், அம்பிகை வேலை செய்யும் பொலிதேயாமாப் பக்கத்து வீடுகள் என்னாகும் என்று பேப்பர்களைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பார். வருடம் முழுக்க எழுதினால் அந்த நிற்பு தீரும். அன்று பின்னேரம் ஒரேத்தோத் தெரு வீட்டில் அம்பிகை கற்பூரம் கொளுத்தினாள்.

விக்னராஜா வீட்டில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் குழம்பின் ருசி அவருடையதில்லை.

யூலை இருபத்தொன்பது நல்லூரில் கொடி. அன்றிலிருந்து அவர் குழம்பை வாயில் வைக்கவில்லை. கோப்பை கழுவும் தொட்டியில் நின்ற எமிலியானாவிடம் கரண்டியை நீட்டினார். எமிலியானா மன்னார்ப் பெண், வேதக்காரி, ஏழு வருடமாக அதே தொட்டியில் நிற்கிறாள். முதல் நாள் உப்பு மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் புளிப்புக் காணாது அண்ணை, வினாகிரி ஒரு சொட்டு விடுங்கோ என்றாள். பிறகு நெத்தலியைக் குறைக்கச் சொன்னாள், தழை அவித்த தண்ணீரை ஊற்றாமல் வைத்திருந்து கடைசியில் விடச் சொன்னாள். அவர் சொன்னபடி செய்தார். சிஞ்ஞோரா கண்ணை மூடிப் பாராட்டியபோது எமிலியானா நாலடி தள்ளித்தான் நின்றாள். விக்னராஜா சிஞ்ஞோராவுக்கு நன்றி சொன்னார். எமிலியானா குழாயைத் திறந்துவிட்டாள்.

ஓகஸ்ட் பதினைந்து இத்தாலிக்காரருக்குப் பெரிய விடுமுறை. கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. அதே நாள்தான் மடு மாதாவின் திருநாளும். எமிலியானா யூலையிலேயே லீவு கேட்டு வைத்திருந்தாள். காலையில் பூசை, பின்னேரம் மாதாவின் சுருவத்தோடு சுற்றுப்பிரகாரம். விக்னராஜாவுக்கு இது தெரியாததில்லை. இரண்டு வாரமாகச் செய்த குழம்பு, கையே சொல்லும், மூக்கே சொல்லும் என்று நம்பிவிட்டார்.

அன்று ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து சிரோக்கோ காற்று அடித்தது. குசினியில் மூச்சு விடுவதே தண்டனையாக இருந்தது. உப்பு நெத்தலித் தகரம் முடிந்து புதுத் தகரம் உடைத்தார்கள். பழையது எண்ணெயில் ஊறியது, புதியது கல்லுப்பில் புதைத்தது. அவர் இரண்டு தரம் அலசினார். அதற்கு நாலு தரம் வேண்டும் என்று நாக்குத்தான் சொல்லும், மூக்குச் சொல்லாது. நீனோவிடம் ஒரு கரண்டி நீட்டியிருக்கலாம். நீட்டினால் ஏன் என்று கேட்பான்.

ஒன்றரை மணிக்கு முதல் சாப்பாட்டுக் கோப்பை திரும்பி வந்தது. பிறகு நாலு, பிறகு பதினொன்று. ருசி பார்த்தாயா என்று நீனோ கேட்டான். பார்த்தேன் என்றார் விக்னராஜா. சிஞ்ஞோரா ஒரு வாய் வைத்துத் துவாயில் துப்பினாள். பரிமாறுகிற பிள்ளைகள், நீனோ, வாசலில் எட்டிப் பார்த்த இரண்டு விருந்தினர், எல்லோருக்கும் முன்னால் அவரைக் கேட்டாள்.

"உனக்கு நாக்கே இல்லையா, விக்கி?"

மூன்று மணிக்கு அவரைக் கோப்பை கழுவும் தொட்டிக்கு அனுப்பினார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சேட்டுக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். அம்பிகை பல்லாறோச் சந்தையில் வாங்கிய சுரைக்கொழுந்தைத் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து, கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தாள். அவர் கோப்பையைத் தள்ளிவிட்டார். விசயத்தைக் கேட்டு முடித்த அபிதா கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, சுலபமான வழி சொன்னாள்.

"அப்பா, மீன் அலெர்ஜி எண்டு சொல்லுங்கோ. இத்தாலிக்காரர் அலெர்ஜி எண்டா உடனே பயந்திடுவினம். அவ்வளவுதான், கேள்வி கேக்கமாட்டினம்."

"என்ரை நேர்த்தி ஒரு நோயோ பிள்ளை?"

"வருத்தம் எண்டாத்தான் அவையள் மதிப்பினம்."

பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனாலேயே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கே வேலையை விடுகிறேன், கடிதம் எழுது என்று மகளுக்குச் சொன்னார். ஒன்பது வருடம் ஒருவரும் தன்னை மனிதனாகப் பார்க்கவில்லை, பெயரைக்கூட முழுதாகச் சொல்லவில்லை, நீனோவின் பிழைகளுக்கெல்லாம் தான் ஏச்சு வாங்கினேன், ஒரு நாள் உப்புக் கூடினதற்கு நாக்கில்லை என்கிறாள் என்று குமுறினார். பிறகு சுவரிலிருந்த முருகன் படத்தின் பக்கம் திரும்பினார்.

"உனக்காகத்தானே வாயைக் கட்டினனான். நீயெல்லோ பாத்திருக்கவேணும்."

அம்பிகை கோப்பையைத் திரும்ப அவர் முன்னால் இழுத்து வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, வேலையை விட்டா நவம்பரிலை எந்தப் பேப்பரைக் கொண்டுபோய் நீட்டுறது? கோபத்தை முருகனிலை காட்டுங்கோ, அவர் தாங்குவார். சிஞ்ஞோராவிலை காட்டாதையுங்கோ."

கடிதம் எழுதப்படவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, தொட்டியில் எமிலியானாவுக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினார். அவள் சவர்க்காரம் போட்டுத் தர, அவர் அலசி அடுக்கினார். இரண்டு மாதம் அடுப்படியில் நின்ற கைக்குத் தொட்டித் தண்ணீர் எரிந்தது. மத்தியானம் அடக்கமாட்டாமல் சொன்னார்.

"நேற்று நீர் நிண்டிருந்தா இது வந்திராது, தங்கச்சி."

அவள் தட்டம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு அடுத்த தட்டத்தை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பலெர்மோத் தமிழர் சைவம், வேதம் என்று பார்ப்பதில்லை. பெல்லெக்ரினோ மலையில் குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசாலியாவிடம் எல்லோரும் ஏறுவார்கள், பாதிப்பேர் வெறுங்காலோடு. எங்கள் ஆட்களுக்கு மலையில் ஒரு தெய்வம் இருந்தால் போதும், பெயரைப் பிறகு கேட்டுக்கொள்வார்கள். மறுநாளும் ஞாயிறு, ஒன்பது மணி வேலைக்கு முதல் திரும்பலாம் என்று அம்பிகை அவரை ஆறு மணிக்கே கூட்டிக்கொண்டு ஏறினாள்.

குகைக்குள் பாறையிலிருந்து நீர் சொட்டும். அதைப் பிடிக்கக் கூரை முழுக்கத் தகரப் பீலி ஓடும். விக்னராஜா கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கும் ரொசாலியா சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேர்த்தியைக் காத்ததற்குக் கூலி இதுதானா என்று கேட்க வந்தவர். கேட்கத் தொடங்கும்போது நீனோவின் கேள்விதான் நினைவில் வந்தது. ருசி பார்த்தாயா? பார்த்தேன். கொடியேறியிருக்கும் நாளில், மச்சம் படாமல் காத்த வாயால், பச்சைப் பொய். மீனைத் தொடாத நாக்கு அதைவிட ஊத்தையான ஒன்றைத் தொட்டுவிட்டது. கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பினார்.

வெளியே வாசல் படியில் எமிலியானா மெழுகுதிரி வாங்கிக்கொண்டு நின்றாள். அம்பிகை உள்ளே நின்ற நேரம். எமிலியானா தானாகத்தான் கதையைத் தொடங்கினாள்.

"அண்ணை, நேற்றுச் சொன்னதுக்கு இஞ்சை மறுமொழி சொல்லட்டோ? வேலையிலை சொன்னா நான் அழுதுபோடுவன்."

"சொல்லும்."

"இரண்டு கிழமையா அந்தக் குழம்பு என்ரை நாக்கிலைதான் நிண்டது. ஓமோ?"

"ஓம்."

"சிஞ்ஞோரா வந்து புகழேக்கை நான் பக்கத்திலைதான் நிண்டனான். எமிலியும் ருசி பாத்தவள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவியள் எண்டு நிண்டனான். நீங்கள் சொல்லேல்லை. சரி, மனுசன் பயத்திலை விட்டுட்டார் எண்டு நினைச்சன். உப்புக் கூடினவுடனை மட்டும் என்ரை பேர் உங்கடை வாயிலை வருது."

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"அவையள் உங்களை ஒன்பது வருசமாக் காணேல்லை எண்டு சொல்லுவியள். நான் அந்தத் தொட்டியிலை ஏழு வருசம், அண்ணை. நீங்களும் என்னைக் காணேல்லை. எனக்கும் நவம்பரிலைதான் பேப்பர் முடியுது."

குரல் உயரவில்லை. மெழுகுதிரியைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். விக்னராஜா அந்தப் படியில் இருந்துவிட்டார். வெட்கம் என்றால் என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சிஞ்ஞோரா எல்லோருக்கும் முன்னால் ஏசியபோது வந்தது வெட்கமில்லை, கோபம். வெட்கம் இது. சிஞ்ஞோரா தனக்கு ஒன்பது வருடமாகச் செய்ததை, அவர் இரண்டே வாரத்தில், விரதம் காத்த வாயோடு, தன் ஊர்ப் பெண்ணுக்குச் செய்திருக்கிறார்.

இறங்கும்போது அம்பிகையிடம் எல்லாவற்றையும் சொன்னார். சிஞ்ஞோராவிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னார். அம்பிகை நடுப் பாதையில் நின்றுவிட்டாள்.

"எழுதமாட்டன் எண்டு சிஞ்ஞோரா இன்னும் சொல்லேல்லை. நீங்கள் சொன்னா அந்த எழுத்து அவளுக்கெல்லோ போகும்?"

"போகலாம்."

"நேர்மை பாக்கிறதெண்டா பெர்மெசோ வந்தாப்பிறகு பாருங்கோ. அவளுக்குப் பிறகு ஏதாவது செய்யலாம். இப்ப அபிதாவை நினையுங்கோ."

"நினைச்சுத்தான் சொல்லுறன்."

"என்னத்தை நினைச்சியள்? நான் அந்த முகாமிலை கண் திறந்தது இதுக்கோ? திரும்பவும் ஒரு வாசலிலை பேப்பரோடை நிக்கிறதுக்கோ?"

அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"மச்சம் தொடமாட்டன் எண்டுதான் நேர்த்தி வைச்சனான், அம்பிகை. களவெடுப்பன் எண்டு வைக்கேல்லை."

அம்பிகை முன்னால் இறங்கி நடந்தாள். கீழே பஸ் தரிப்பிடத்தில் வேலைக்குக் கட்டிய சோற்றுப் பெட்டியை அவர் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுப் பஸ்ஸில் ஏறினாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது, அது அவருக்கு இன்னும் பாரமாக இருந்தது.

கடை திறக்க முதல் சிஞ்ஞோரா கடலைப் பார்த்த மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். விக்னராஜா தன்னுடைய உடைந்த இத்தாலியில் சொன்னார். விரதத்தைச் சொன்னார், நீனோவிடம் பொய் சொன்னதைச் சொன்னார், நல்ல குழம்பெல்லாம் எமிலியானாவின் நாக்கு என்பதைச் சொன்னார். கொடி என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. எங்கேயோ ஒரு கோயிலில் ஏறும் கொடிக்கும் என் குழம்புக்கும் என்ன என்று கேட்டாள். அவர் கடற்கரையைக் காட்டினார். அலை பெரிதாக இருந்ததால் காவலன் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தான், ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. அது இறங்கும் வரை இறங்கக்கூடாது, எங்களுடையதும் அப்படித்தான் என்றார். அவள் அந்தக் கொடியைப் பார்த்தாள். இதை ஒரு மாதம் முதல் சொல்ல உனக்கு வாயில்லையா என்று கேட்டாள். இந்த முறை ஏச்சாகக் கேட்கவில்லை.

ஆனாலும் கடை நடத்துகிறவள் அவள். எழுதுவதென்றால் ஒருவரைத்தான் எழுதமுடியும் என்றாள். அன்றே எமிலியானாவை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். எமிலியானா ஏப்பிரனில் கையைத் துடைத்துக்கொண்டு போகும்போது விக்னராஜாவைப் பார்க்கவில்லை. நீனோ சிரித்தான், அதிகம் சிரிக்கவில்லை. விக்னராஜா தொட்டிக்குப் போனார்.

அந்த வாரம் ஒரு கோப்பையும் திரும்பி வரவில்லை. எல்லாக் கோப்பையும் அவர் கையால்தான் கழுவப்பட்டதால் அவருக்குத் தெரியும். வழித்துத் தின்ற கோப்பைகள். வீட்டில் அம்பிகை சமைத்தாள், பரிமாறினாள், வேண்டியதற்கு மட்டும் பேசினாள். அவர் காலையில் குளித்துப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வேலையைத்தான் கேட்கவேண்டிவரும், அதைக் கேட்க வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை நல்லூரில் தீர்த்தம். அபிதா கைபேசியில் பிடித்துக் காட்டினாள். பின்னேரம் கொடி இறங்கியது. அடுத்த நாள் காலை சோற்றுப் பெட்டியைக் கட்டும்போது அம்பிகை ஒரு வாரத்துக்குப் பிறகு தானாகக் கேட்டாள்.

"இண்டைக்கு அங்கை சாப்பிடுவியளோ?"

பார்ப்பம் என்றார்.

மத்தியானச் சனம் வர அரைமணி இருந்தது. சிஞ்ஞோரா குசினிக்குள் வந்தாள். கொடி இறங்கியதா என்று கேட்டாள். இறங்கிவிட்டது என்றார் விக்னராஜா. அப்படியென்றால் வந்து ருசி பார், இந்தக் குழம்பு உங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும், என்ன குறை என்று நீயே சொல் என்றாள். நீனோ கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தான். எமிலியானா சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுடைய காது மடல் சிவந்திருந்தது.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு விக்னராஜா ஒரு கரண்டி எடுத்தார். இருபத்தைந்து நாளுக்குப் பிறகு முதல் மச்சம். அவர் குறை தேடினார். மறைக்க என்ன இருக்கிறது, மனதாரத் தேடினார். உப்பைத் தேடினார், புளிப்பைத் தேடினார், சாளையின் வெடுக்கைத் தேடினார். குவெஸ்தூரா வாசலும், மலைப்பாதையில் நின்ற அம்பிகையின் முகமும் அந்தக் கரண்டிக்குள் இருந்தன. பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை, ஒரு குறை இருந்தால் போதும், ஒரு சிறு குறை. இரண்டாம் தரமும் எடுத்துப் பார்த்தார். கண் கலங்கியது. உறைப்பே இல்லாத குழம்புக்கு அவர் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

குறையில்லை என்று சிஞ்ஞோராவுக்குச் சொன்னார். கேட்காமலே, என்னுடையதைவிட நல்லது என்றும் சொன்னார்.

சிஞ்ஞோரா தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். எமிலியானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"அண்ணை..."

"அடுப்பைக் குறையும், தங்கச்சி. அடிப்பிடிக்கப் போகுது."

அவர் தொட்டிக்குத் திரும்பிப் போய், குழாயைத் திறந்து, தான் ருசி பார்த்த கரண்டியைக் கழுவி வைத்தார்.